ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டதா? முதலில் காதைக் கொடுங்கள், பிறகு கையை வையுங்கள்

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: போன பிறகு என்னென்ன செய்தீர்கள்? பதில் நீளமாக வரும். நாலைந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள். விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்க்கை இரவு முழுக்க ஓடவிட்டிருப்பார்கள். இணையத்தில் கிடைத்த மீட்பு மென்பொருளை அதே வட்டிலேயே நிறுவியிருப்பார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரீசரில் வைத்து எடுத்தவர்களும் உண்டு. பழுது வந்தபோது பத்தில் ஒன்பது பங்கு கோப்புகள் நலமாகத்தான் இருந்திருக்கும்; அவற்றில் பாதியைக் காலி செய்தது பிறகு நடந்த வைத்தியம்.

அதனால் இதைப் படிக்கும்போது பழுதான வட்டு ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத வட்டு மேலும் கெடாது. அதிலிருந்த கோப்புகளில் எவை உண்மையில் வேறெங்கும் இல்லை என்று நிதானமாக யோசியுங்கள். பழைய கைபேசி, மின்னஞ்சல் இணைப்பு, உறவினருக்கு அனுப்பிய படங்கள் என்று தேடிப் பார்த்தாலே பாதிக் கவலை தீரும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட வட்டு என்றால் அதன் 48 இலக்க மீட்பு எண் எங்கே இருக்கிறது என்றும் இப்போதே தேடி வையுங்கள். அது இல்லாமல் வட்டைச் சரிசெய்தும் பயன் இல்லை.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம். நல்ல வட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் மெல்லிய சுழற்சி ஓசை எழுந்து, சில விநாடிகளில் உச்சத்துக்கு ஏறி, லேசாக ஒரு டிக் கேட்கும். தகவலைப் படிக்கும் ஹெட்டுகள், அது பதிந்திருக்கும் தட்டின் மேல் இறங்கும் ஒலி அது. பிறகு ஒரே சீரான ரீங்காரம். உங்கள் வட்டின் ஓசை இதிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்பதுதான் நோயறிதலில் பாதி.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை

வந்த பழுதுகளில் இதைக் கண்டால் எனக்குச் சற்று நிம்மதி. பெரும்பாலும் கோளாறு தட்டுக்கு வெளியே இருக்கும். கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள், வேறு கணினியில் பாருங்கள். 3.5 அங்குல வெளிப்புற வட்டுகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தேவை. அடாப்டர் செத்திருந்தால் வட்டும் செத்ததுபோலவே கிடக்கும்.

தவறான அடாப்டரைச் செருகிய பிறகுதான் இந்த அமைதி வந்தது என்றால் (19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரின் முனை சில பெட்டிகளில் கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கும்) சர்க்யூட் போர்டில் உள்ள பாதுகாப்பு டயோடு தன்னைப் பலிகொடுத்திருக்கக்கூடும். அதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். மின்னணுப் பழுது தெரிந்தவர் அந்த டயோடைக் கழற்றினால் வட்டு பல நேரங்களில் எழுந்துவிடும். ஆனால் அதன் பிறகு அதற்குப் பாதுகாப்பு இல்லை. கோப்புகளை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதே மாடலில் இன்னொரு வட்டு வாங்கி அதன் போர்டைக் கழற்றி மாட்டலாம் என்ற யோசனை இருபது ஆண்டுகளுக்கு முன் ஓரளவு பலித்தது. இன்று ஒவ்வொரு வட்டுக்கும் அதன் ஹெட்டுகளுக்கு ஏற்ற தனி அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சின்ன நினைவக சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் வட்டு ஓடும், படிக்காது.

வெளிப்புற வட்டு என்றால் பெட்டியின் உள்ளே யூஎஸ்பியை சாட்டாவாக (கணினிக்குள் வட்டை இணைக்கும் முறை) மாற்றும் சின்னப் பலகை ஒன்று இருக்கும். அதுவே பழுதாகியிருக்கலாம். வட்டை வெளியே எடுத்து நேரடியாக சாட்டாவில் இணைத்துப் பார்க்கலாம். இரண்டு இடையூறுகள் உண்டு. 2.5 அங்குல வட்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி முனை வட்டின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில் அந்தச் சின்னப் பலகைதான் கோப்புகளை மறையாக்கம் செய்கிறது, நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும்கூட. நேரடியாக இணைத்ததும் வட்டு காலியானதுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம். பலகையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

டக், டக், டக்

சுழல்கிறது, ஹெட் தட்டின் மேல் போகிறது, தன் இருப்பிடத்தைக் காட்டும் குறிகளைத் தேடுகிறது, கிடைக்காமல் திரும்பி வந்து மறுபடி முயல்கிறது. அந்த முயற்சியின் ஒலிதான் இது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் 50,000 நானோமீட்டருக்கும் மேல். வளைந்த ஹெட் அந்த இடைவெளியில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டை உரசினால் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. காந்தப் பூச்சு தூளாகிப் பறக்கிறது. அந்தத் தூளில்தான் உங்கள் படங்கள் இருந்தன.

ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறேன். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் சிறிய வட்டு, பலவீனமான போர்ட்டிலோ நீளமான கேபிளிலோ மாட்டினால், மின்சாரம் போதாமல் இதேபோல் தட்டும். குட்டைக் கேபிள் எடுத்து, கணினியின் பின்பக்கப் போர்ட்டில் ஒரு முறை முயலுங்கள். ஒரே முறை. அப்போதும் தட்டினால் கழற்றி வையுங்கள். இது தூசியில்லாத சுத்த அறையில், அதே வகை வட்டிலிருந்து எடுத்த ஹெட்டுகளை மாற்றிச் செய்ய வேண்டிய வேலை. மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் வந்தால் மேலே சொன்ன தலைமுடிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் வைத்தியமும் வேண்டாம். குளிர்ந்த தட்டில் ஈரம் படியும், ஈரத்தின் மேல் ஹெட் ஓடும்.

பீப் என்று முனகுகிறது

வட்டுக்குள் ஒலிபெருக்கி எதுவும் இல்லை. சுழல முடியாத மோட்டாரின் கம்பிச்சுருள்தான் அப்படிக் கத்துகிறது. கீழே விழுந்த சிறிய வட்டுகளில் இது அதிகம்: ஹெட் தன் இருக்கைக்குத் திரும்பாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரின் தண்டு இறுகியிருக்கவும் வாய்ப்புண்டு. தட்டிப் பார்ப்பது, சுழற்றி உதறுவது எல்லாம் ஒட்டிய ஹெட்டைப் பிய்த்தெடுக்கும் வழிகள். இதுவும் ஆய்வகத்துக்குத்தான்.

சுழல்கிறது, சத்தமும் சரி. ஆனால் கணினிக்குத் தெரியவில்லை

கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் திரையில் பெயர் வரவில்லை, அல்லது பெயர் வந்தும் கொள்ளளவு பூச்சியம் என்கிறது. வட்டு தன்னை இயக்கிக்கொள்ளும் நிரலின் ஒரு பகுதியைத் தட்டிலேயே ஒளித்து வைத்திருக்கும். அது சிதைந்தால் இப்படி ஆகும். 2009 தொடக்கத்தில் சீகேட் நிறுவனத்தின் பராகுடா 7200.11 வரிசை வட்டுகளுக்கு நேர்ந்தது இதுதான்: தட்டும் ஹெட்டும் நலம், உள்நிரல் மட்டும் முடங்கியது. தக்க கருவி வைத்திருப்பவர்களுக்கு இது செய்யக்கூடிய வேலை. வீட்டில் செய்ய வேண்டியது கேபிளை மாற்றிப் பார்ப்பது மட்டும். விண்டோஸ் வட்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தெரிகிறது, திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

இங்கேதான் உங்கள் கைக்கு வேலை இருக்கிறது. கெடுப்பதற்கும் இங்கேதான் வாய்ப்பு அதிகம். ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கோப்பை நகலெடுத்தால் பாதியில் உறைகிறது. கணினியே தொடங்கப் பத்து நிமிடம் ஆகிறது. தட்டில் படிக்க முடியாத செக்டர்கள் (சின்னச் சின்ன சேமிப்புக் கட்டங்கள்) வந்துவிட்டன என்று பொருள்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். வரிசை எண் 5, மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. 198, சோதனையில் தோற்றவை. இம்மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் எண்களை வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டும், 10 என்றால் அது 16. பலர் ஏமாறும் இடம் இது. சீகேட் வட்டுகளில் 1, 7 ஆகிய வரிசைகளில் தொலைபேசி எண்போல நீளமாக ஏதாவது இருந்தால் அஞ்ச வேண்டாம், அவை அப்படித்தான் இருக்கும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி கேபிள். மாற்றிவிட்டால் எண் குறையாது, ஆனால் ஏறுவது நின்றுவிடும்.

அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதை நம்பி இருந்துவிடவும் முடியாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் வட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செயலிழந்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதையும் காட்டாமலேயே போயின என்று கண்டிருக்கிறார்கள். அதே கட்டுரையின் மறுபக்கம்: சோதனையில் முதல் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு, பிழையில்லாத வட்டைவிட 39 மடங்கு. நல்ல அறிக்கை எதையும் உறுதிசெய்யாது. கெட்ட அறிக்கையைப் பெரும்பாலும் நம்பலாம்.

இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் முதல் நோக்கம் இல்லை. படிக்க முடியாத குறிப்பைப் பிழை என்று முடிவுகட்டி வெட்டியெறியும். எனக்கு வந்த ஒரு வட்டில் பன்னிரண்டு ஆண்டுக் குடும்பப் படங்கள், தேதிவாரியாக ஃபோல்டரில் இருந்தவை, பெயரிழந்து எண் மட்டும் தாங்கிய துண்டுகளாகக் கிடந்தன. ஒரே இரவு வேலை.

செய்ய வேண்டியது, வட்டை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அப்படியே இன்னொரு வட்டுக்குப் படியெடுப்பது. அதற்கு குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து தொடங்கி அதை இயக்கலாம். விண்டோஸை விட்டுத் தள்ளுவதற்குக் காரணம், அது வட்டைக் கண்டதும் தானாகவே அதில் எதையாவது எழுதப் பார்க்கும். சில லினக்ஸ் பதிப்புகளும் வட்டைத் தாமாகத் திறக்கும். மீட்புப் பணிக்கென்றே வந்த பதிப்புகள் அப்படிச் செய்யாது. முடிந்தால் வட்டை யூஎஸ்பி வழியாக இணைக்காமல் நேரடியாக சாட்டாவில் இணையுங்கள். பழுதான செக்டரில் மாட்டும்போது யூஎஸ்பி அடாப்டர்கள் விக்கித்து நின்றுவிடும்.

டிடிரெஸ்க்யூவின் புத்திசாலித்தனம் எளிமையானது. முதல் சுற்றில் எளிதாக வருவதை எல்லாம் அள்ளும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிக் குதிக்கும். பிறகுதான் தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வரும். எங்கெங்கே படித்தாயிற்று, எங்கே பாக்கி என்பதை மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும், வட்டு நடுவில் உறைந்தாலும், அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பைப் பழுதான வட்டிலோ பென் டிரைவ் லினக்ஸின் தற்காலிக இடத்திலோ வைத்துவிடாதீர்கள். கணினியை அணைத்ததும் மறைந்துவிடும்.

கட்டளையில் முதலில் பழுதான வட்டு, அடுத்து நகல் போகும் இடம், மூன்றாவதாக மேப் கோப்பு. முதல் ஓட்டத்தில் சிற்றெழுத்து ‘என்’ விருப்பத்தைச் சேர்த்தால் பிடிவாதமான இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிடும். அது முடிந்த பிறகு ‘என்’னை எடுத்துவிட்டு, ‘ஆர்’ விருப்பத்தில் 3 என்று கொடுத்து மறுமுயற்சி செய்யுங்கள். பேரெழுத்து ‘ஆர்’ கொடுத்தால் பின்னிருந்து முன்னாகப் படிக்கும். ஒரு பக்கமாக வந்தால் விழுகிற இடத்தை மறுபக்கமாக வந்து பிடித்துவிடலாம்.

முதல் இரண்டு பெயர்களை மாற்றிக் கொடுத்தால் காலி வட்டு உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்படும். நடக்காது என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் 1 டெராபைட் வட்டுகள் இரண்டு மேசையில் இருந்த ஒரு நாள், கணினியை மறுபடி தொடங்கியதும் லினக்ஸ் ‘ஏ’ என்று பெயரிட்டிருந்த வட்டை ‘பி’ ஆக்கியிருந்தது. என்டர் விசையின் மேல் விரல் வைத்தபடியே அதைக் கவனித்தேன். அன்றிலிருந்து இரண்டு வட்டின் மேலும் தாள் ஒட்டி, தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கட்டளைக்கு வருகிறேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல வட்டு விநாடிக்கு 100 மெகாபைட் கொடுத்தால் 1 டெராபைட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பழுதான வட்டில் கணக்கு வேறு. ஒரு மடிக்கணினி வட்டில் முதல் சுற்று ஆறு மணி நேரத்தில் 99.8 சதவீதத்தை எடுத்துக் கொடுத்தது. மிச்சமிருந்த 2 ஜிபிக்கு நான்கு நாட்கள். இறுதிவரை வராமல் போனது 40 மெகாபைட், அதுவும் ஒரு திரைப்படக் கோப்பின் நடுவே விழுந்திருந்தது. உரிமையாளர் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

வேகம் விநாடிக்குச் சில கிலோபைட்டாக இறங்கி அப்படியே நின்றாலோ, புதிதாக டக் சத்தம் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். அப்போது அது வேறு நோய். மேலே போய் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

முழு வட்டும் எதற்கு, எனக்கு ஒரே ஒரு ஃபோல்டர் போதும் என்பவர்களுக்கு: அது சில நூறு மெகாபைட் என்றால் அதை முதலில் எடுப்பதில் தவறில்லை. பெரியது என்றால் கோப்பு கோப்பாக எடுப்பது ஹெட்டை வட்டு முழுக்க அலையவிடும். வரிசையாகப் படிப்பதுதான் நொந்த ஹெட்டுக்கு இதமானது.

நகல் கிடைத்த பிறகு மூல வட்டைக் கழற்றி வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். முடிந்தால் நகலுக்கும் ஒரு நகல். படிக்காத இடங்கள் பூச்சியமாகவே இருக்கும், அதனால் கோப்பு திறந்தாலும் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வரலாம். எந்தெந்தக் கோப்புகள் இப்படி அடிபட்டன என்று அறிய ஒரு நல்ல உத்தி உண்டு: டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் வசதியால் அந்த இடங்களில் ஏதாவது ஒரு விசித்திரமான சொல்லை எழுதவைத்து, பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடுவது. செக்டிஸ்க் மீது அவ்வளவு ஆசை என்றால், இந்த நகலின் நகலில் தாராளமாக ஓட்டலாம்.

‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது

வட்டு வேகமாகவும் அமைதியாகவும் இருக்கிறது, ஸ்மார்ட் எண்களும் சுத்தம், ஆனால் விண்டோஸ் இப்படிக் கேட்கிறது. பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) விவரமோ கோப்பு அமைப்பின் தொடக்கமோ சிதைந்திருக்கிறது. புத்தகம் அப்படியே இருக்கிறது, பொருளடக்கம் கிழிந்துவிட்டது. ரத்துசெய்யுங்கள். இங்கேயும் முதல் வேலை நகல்தான். அதன் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். தொலைந்த பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள கோப்புகளைப் பெயருடன் காட்டி, வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொடுக்கும். அது முடியாவிட்டால் அதன் உடன்பிறப்பான ஃபோட்டோரெக். அது பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாள பைட்டுகளைத் தேடிப் பொறுக்கும். படங்கள் திரும்பும், பெயர்களும் ஃபோல்டர்களும் திரும்பாது. அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

தவறுதலாக விரைவு ஃபார்மட் செய்தவர்களுக்கும் இதே வழி. முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது வட்டு முழுக்கப் பூச்சியம் எழுதுகிறது. தேட எதுவும் மிஞ்சாது.

எஸ்எஸ்டி என்றால்

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிப்பது எஸ்எஸ்டி. அதனால் சத்தம் என்ற துப்பே கிடையாது. நேற்றுவரை ஓடியது இன்று காணாமல் போகும். அழித்த கோப்பை மீட்பதும் கடினம்: எந்த இடங்கள் தேவையில்லை என்று இயங்குதளம் ட்ரிம் கட்டளை மூலம் உடனே சொல்லிவிடுகிறது, எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்துவிடுகிறது. அழித்ததை உணர்ந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துவது ஒன்றே வழி, அதுவும் உறுதியில்லை. அடுக்கு முறையில் எழுதும் எஸ்எம்ஆர் ஹார்ட் டிஸ்க்குகள் பலவும் இப்போது ட்ரிம்மை ஏற்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய வட்டு

இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைக்கும் எஸ்எஸ்டி. இதில் விவாதிக்க எதுவும் இல்லை. படங்கள், காணொளிகள், பேக்கப் ஆகியவற்றைக் குவித்து வைக்க இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. எஸ்எஸ்டியில் எழுதி அலமாரியில் வைத்து மறந்துவிடும் பழக்கம் வேண்டாம். எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்பதே சிப் துறையின் தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலை. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனாலும் அது அலமாரிக்கான பொருள் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கில் கவனிக்க வேண்டியது சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனியாக அமையும் வழக்கமான முறை) எஸ்எம்ஆரா என்பது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓர் இடத்தில் எழுதப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பேக்கப் எடுத்து வைக்க அது போதும். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்புக்கு வேண்டாம். வட்டு மாற்றி மறுகட்டமைக்கும்போது நாட்கணக்கில் திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சொல்லாமல் எஸ்எம்ஆரைக் கலந்தது வெளிவந்து பெரிய சச்சரவானது. இப்போது ரெட் பிளஸ் என்பது சிஎம்ஆர். எந்த நிறுவனமானாலும் வரிசைப் பெயரை நம்பாமல் மாடல் எண்ணை வைத்து விவரத்தாளைப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு தொல்லை. நகல் போகும் வட்டு, மூல வட்டைவிட ஒரு செக்டர் குறைந்தாலும் படி முழுமையாகாது. இரண்டும் 1 டெராபைட் என்று அச்சிட்டிருந்தால் போதாது, செக்டர் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அல்லது ஒரு படி பெரியதாக வாங்குங்கள். 1 டெராபைட் விண்டோஸில் 931 என்று தெரிவது திருட்டில்லை. கணக்கிடும் முறை வேறு. 2 டெராபைட்டுக்கு மேல் என்றால் ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் அமையுங்கள். பழைய எம்பிஆர் முறை 2.2 டெராபைட்டோடு நின்றுவிடும்.

புதிய வட்டு சுழலவே இல்லையா? திருப்பி அனுப்புவதற்கு முன் ஒன்று. புதிய சாட்டா வட்டுகள் சிலவற்றில் மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் வட்டு உறங்க வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். பழைய நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றி எடுத்தால் வட்டு எழுந்துவிடும். அந்த அடாப்டர் வாங்கும்போது முனை வார்த்துச் செய்ததாக இல்லாமல், அழுத்திப் பொருத்திய வகையாகப் பாருங்கள்; வார்த்த வகை சில வேளை உருகித் தீப்பிடிக்கிறது.

வந்த வட்டில் உடனே கோப்புகளைக் கொட்ட வேண்டாம். ஸ்மார்ட்டில் வரிசை எண் 9, ஓடிய மணிகள், ஒற்றை இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் திருத்துகிறார்கள்: 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் வட்டுகள் மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது அம்பலமானது. அவ்வட்டுகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு ஒன்று உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச நிரலின் அண்மைப் பதிப்பால் அதைப் படித்து இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். பிறகு வட்டு முழுவதும் ஒரு முறை எழுதி, ஒரு முறை படித்து, 5, 197, 198 இன்னும் பூச்சியமா என்று பாருங்கள். பெரிய வட்டில் இதற்கு ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். உத்தரவாதம் வட்டுக்குத்தான், அதில் உள்ள கோப்புகளுக்கு இல்லை என்பதால் இந்த நாட்களைச் செலவிடுவதில் எனக்கு வருத்தமில்லை.

பழைய வட்டை உடனே எறியாதீர்கள். மீட்ட கோப்புகளைப் பட்டியலில் பார்த்தால் போதாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பாருங்கள். திருப்தி வந்த பிறகு, வட்டு இன்னும் கட்டளை கேட்டால் முழுக்க மேலெழுதி அழியுங்கள். கேட்காத வட்டு என்றால் தட்டுகளையே உடைக்க வேண்டும். 2.5 அங்குல வட்டுகள் பலவற்றில் தட்டு உலோகம்போல் மின்னினாலும் கண்ணாடியால் ஆனது. ஒரே அடியில் ஊசி ஊசியாகச் சிதறும். சாக்குப்பைக்குள் போட்டு, கண்ணுக்குக் கவசம் அணிந்துகொண்டு சுத்தியலை எடுங்கள்.